குழாயில் ஏறாத சத்தம்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் காலடியில் சத்தத்தை மாற்றுகிற பெடல் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டு பேர் மேடைக்குப் பக்கத்தில் நின்று இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெடல் போட்டால் பேஸ் பேஸாகவே இருக்காது என்கிறார் ஒருவர். காலம் மாறிப்போச்சு, எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார் மற்றவர். பாட்டும் இரைச்சலுமாக இருந்த மண்டபத்தில் நான் நன்றாகத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தெரிந்தது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் இலையில் சோறு காய்ந்துபோகிற அளவுக்குச் சொல்லியிருப்பேன். அவர்களுக்கு நான் யாரோ ஒரு கிழவன். கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் வாசித்தேன். வாசித்தேன் என்று சொன்னால் என் அம்மாவே நம்பமாட்டாள். ஒரு தடவை மாரியம்மன் பொங்கலுக்கு நாங்கள் வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு வீட்டில் வந்து கேட்டாள்: "மத்தவுகள்லாம் வாசிக்கிறாக. நீ மட்டும் ஏன்டா அதைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னே?"

அவள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் குழாய் ஸ்பீக்கர்தான். ஊர்க் கமிட்டிக்காரர்கள் எங்களைப் பேச வந்தால், யார் பாடுகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை குழாய் கட்டுவீக" என்றுதான் கேட்பார்கள். அதிலும் ஒரு கௌரவம் உண்டு. கிராமங்களில் குழாயைத் தங்கள் ஊர்ப் பக்கம் திருப்பவே மாட்டார்கள். வேப்பமரத்து உச்சியில் கட்டி, பக்கத்து ஊர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். பாலவனத்தத்தில் நடக்கிற கல்யாணம், காட்டைத் தாண்டி அடுத்த ஊரில் மிளகாய் பறிக்கிறவர் காதில் விழவேண்டும். விழுந்தால்தான் கல்யாணம் ஜோர். குழாய் என்பது ஒல்லித் தொண்டை. பாடகர் குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அதில் ஏறிப் போய்விடும். பேஸ் கிட்டாரின் நான்கு தடித்த கம்பிகளில் எழும்புகிற சத்தம் அதில் ஏறாது. எனக்குப் பின்னால் தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு மரப்பெட்டி, உள்ளே பெரிய ஸ்பீக்கர். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவருக்கு நெஞ்சில் தட்டும். நாலடி தள்ளி நிற்கிறவருக்கு நான் சொறிந்துகொண்டு நிற்கிற ஆள்தான்.

இது சாயங்கால வாழ்க்கை. பகல் வாழ்க்கை தறிக்கூடத்தில். எங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவோம், அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பா அறுபதுகளின் தொடக்கத்திலேயே கைத்தறியை விட்டுவிட்டு வேறொருவருடைய விசைத்தறிக் கூடத்துக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு ஜோடித் தறி. அவருடைய ஜோடிக்கு எதிர்ப்பக்கம் என்னுடையது.

விசைத்தறிக் கூடத்துக்குள் கால் வைத்தால் அதற்கப்புறம் காது எதற்கும் ஆகாது. தகரக் கூரை, ஜன்னலையும் பஞ்சு அடைத்துக் கிடக்கும், உள்ளே அத்தனை தறியும் ஒன்றாக ஓடும். நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் அடிபடுகிற சத்தம் மண்டைக்குள்ளேயே அடிக்கும். அங்கே வாய்விட்டுப் பேசிப் பிரயோசனமில்லை. உதட்டை அகலமாக அசைப்போம், கையை ஆட்டுவோம். எதிரில் இருக்கிறவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். குடும்பக் கதை, சண்டை, கேலி எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. எங்கள் தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், எதிராளி வாயைப் பார்த்துத்தான் கேட்போம். வெளியூரிலிருந்து மருமகளாக வருகிற பெண், முதல் வாரம் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து அழுதுவிடும்.

அந்தக் கூடத்தில் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது சத்தம் இல்லை. அப்பாவின் பார்வை. தறியைப் பார்க்கிற நேரத்தைவிட என் முகத்தைப் பார்க்கிற நேரம் அதிகம். நான் குனிந்தால் பார்ப்பார், திரும்பினால் பார்ப்பார், தண்ணீர் குடித்தால் பார்ப்பார். ஜெயிலில் வார்டர்கூட அப்படிப் பார்க்கமாட்டான். என்ன செய்துவிடுவேன் என்று இந்த மனுஷர் இப்படிக் காவல் காக்கிறார் என்று வயிறு எரியும். கதவு திறந்துதான் இருக்கும், வெளியே வெயில் தெரியும், பஸ் போகிற புழுதி தெரியும். போகமுடியாது. நாள் பூராவும் அந்த இரண்டு கண்ணுக்குள் கிடந்தேன்.

அப்படிக் கிடந்தபோதுதான் மதுரைக்காரர் வந்தார். மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தவர், கூட்டத்தில் இடமில்லாமல் என் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். மதுரையில் பெரிய மெல்லிசைக் குழு நடத்துகிறவர். வாசித்து முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விரல் சுத்தமா இருக்குப்பா. எங்க பேஸ்காரர் துபாய் போறாரு. நீ வந்துரு. ஆடி பொறந்துட்டா எங்களுக்கு நிக்க நேரம் இருக்காது. அதுக்குள்ள வந்துரணும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் உருண்டை அப்படியே நிற்க, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் நிதானமாகக் கேட்டார்.

"நீ வாசிக்கிறது ஒரு நாளாச்சும் என் காதுல விழுந்திருக்கா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"விழட்டும். விழுந்த அன்னைக்கு நானே பஸ் ஏத்தி விடுறேன். அதுவரைக்கும் தறியைப் பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து, "சரியாத்தான சொல்றாக" என்றாள். அவளுக்கு என்னை வெளியூருக்கு அனுப்ப இஷ்டமில்லை.

அப்பா கச்சேரிக்கு வருகிற ஆள் இல்லை. கூட்டமே அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், நாலு பேரோடு நின்று பேசமாட்டார். திமிர் பிடித்தவர் என்று தெருவில் பெயர். ஆகவே அவர் காதில் விழவேண்டும் என்றால் வீட்டிலிருக்கிறபோதே விழவேண்டும். பங்குனியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கச்சேரி. எங்கள் தெரு டவுனுக்குள் இருப்பதால் மைக்செட்காரர் வழக்கமாக ஒரு குழாயை எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் கட்டுவார். அப்பா முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார், குழாய் நேராக அவரைப் பார்த்து இருக்கும். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஒரே ஒரு இடைஞ்சல். குழாயில் பேஸ் ஏறாது.

மதுரைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவர் புதிதாக ஒரு பெடல் வாங்கியிருந்தார், பழையது சும்மா கிடந்தது. "இதைக் கொண்டுபோய்ப் பாரு" என்று மதுரைக்காரரே எடுத்துக் கொடுத்தார். இரும்பில் ஒரு சின்னப் பெட்டி, மேலே காலால் அமுக்குகிற பொத்தான், உள்ளே பேட்டரி. கிட்டாருக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில் செருகவேண்டும். அமுக்கினால் சத்தம் கரகரவென்று கிழிந்துகொண்டு வரும். லீட் கிட்டாருக்காகச் செய்தது. அதை பேஸில் மாட்டினால், மண்ணுக்குள் உறுமிக்கொண்டிருந்த சத்தம் முள்ளும் முடிச்சுமாக மேலே ஏறி வந்தது. குழாயில் ஏறும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் குழுவை நடத்தியவர் ஆர்மோனியம் வாசிப்பவர், பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். அவர் பெடலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தம்பி இது, ஆட்டுக்கல்லுல ஆணியைப் போட்டு ஆட்டுற மாதிரி?"

"இது போட்டாத்தான் அண்ணே வெளியில கேக்கும்."

"பேஸு எதுக்கு வெளியில கேக்கணும்? நீ நிறுத்துனா பாட்டு சப்புன்னு போயிரும், அம்புட்டுத்தான் உன் வேலை. அஸ்திவாரத்துக்கு யாராச்சும் சுண்ணாம்பு அடிப்பாகளா?"

"அஸ்திவாரத்துக்குள்ள என்னை உசுரோட வச்சுப் பூசிட்டீகளே அண்ணே" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் குரல் உடைந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் துருத்தியைச் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு பாட்டுக்கு மட்டும்" என்றார்.

பங்குனிக் கச்சேரி பொழுது சாய ஆரம்பித்தது. என் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைக்கச் சொல்லி மைக்செட்காரரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். நல்ல ஓட்டமான பாட்டு ஒன்று. இரண்டாவது அடியில் பொத்தானை அமுக்கினேன். மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த குழாய்கள் ஒரே நேரத்தில் கர்ரென்று கிளம்பின. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடின. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நான் வாசித்து வெளியே போன முதல் சத்தம் அது.

மைக்செட்காரருக்கு மட்டும் உயிர் போய்விட்டது. குழாய்க்குள் இருக்கிற தகடு கிழிந்தால் அசல் இப்படித்தான் கத்தும். அவர் ஒரு குழாய் போய்விட்டது என்று நினைத்துக் கம்பத்தில் ஏறினார். ஏறிக் காதை வைத்துப் பார்த்தால் எதிர்க் குழாயும் அதே மாதிரிக் கத்துகிறது. அதுவும் போச்சா என்று இறங்கினார். நான் பொத்தானை விடுவதாக இல்லை. ஆம்ப்ளிபயரைத் தட்டினார், திருகினார், மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். கடைசியில் என் மைக் வயரைப் பிடுங்கியபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "இன்னொரு தடவை அந்த டப்பாவை மிதிச்சே, என் செட்டை நான் அவுத்துக்கிட்டுப் போயிருவேன் பாத்துக்க" என்றார். பையன்கள் விசிலடித்து இன்னொரு முறை கேட்டார்கள்.

கச்சேரி முடியட்டும் என்றுகூட இருக்கவில்லை. நடுவில் சோடா குடிக்க விட்டபோது வீட்டுக்கு ஓடினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கம்பத்துக் குழாய் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"கேட்டுச்சா நைனா?"

"என்னது?"

"நான் வாசிச்சது. கரகரன்னு வந்துச்சே."

அவர் என் வாயைப் பார்த்தார். குழாயை ஒரு தடவை பார்த்தார். "இல்லையே" என்றார்.

"தெருவே கேட்டுச்சு. நாயெல்லாம் ஓடுச்சு. மைக்செட்காரரு கம்பத்துல ஏறி எறங்குறாரு. உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

"எனக்குக் கேக்கலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷருக்கு என்னை விட மனசில்லை, எதை வாசித்தாலும் கேட்கவில்லை என்றுதான் சொல்லுவார், நான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. மேடைக்குத் திரும்பிப்போய் மிச்சப் பாட்டுகளை என்ன வாசித்தேன் என்று நினைவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெடலுக்குப் பெயர் பரவிவிட்டது. பேச வருகிற கமிட்டிக்காரர்கள், "அந்த ஒறுமுற பாட்டு உண்டுல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காதைப் பொத்திய ஆர்மோனியக்காரரே, "தம்பி, டப்பாவை மறக்காமக் கொண்டாந்துரு" என்றார். மைக்செட்காரரும் அடங்கிவிட்டார். பாட்டுக்குப் பாட்டு அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினேன். தாலாட்டு மாதிரியான பாட்டுக்குக்கூட அமுக்கினேன். கம்பியை எங்கே தொட்டால் எப்படிச் சிலிர்க்கும் என்று பார்த்துப் பார்த்து வாசித்த விரலுக்கு இனி வேலையில்லை. எப்படித் தொட்டாலும் கரகர. கேட்காத ஆளாக இருந்தது போய், அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் ஆளாகிவிட்டேன். பகலில் தறி, எதிரில் அந்தக் கண்கள். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

வைகாசியில் திருச்சுழியில் என் தாய்மாமா மகளுக்குக் கல்யாணம். எங்கள் குழுதான் காலையில் முகூர்த்தம் முடிந்ததும் வாசித்தது. இந்தக் கல்யாணத்துக்கு அப்பா வராமல் இருக்கமுடியாது. வந்தவரைச் சும்மா விடுவார்களா? மாப்பிள்ளை முறை, மரியாதை செய்யவேண்டும் என்று முன் வரிசையில், மேடையை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். சின்னப் பந்தல், தலைக்கு மேல் தென்னங்கீற்று, வைகாசி வெயில், மூச்சு முட்டுகிற கூட்டம். எழுந்து போக வழியே இல்லை. அவருடைய நாற்காலிக்கு இடிக்கிற மாதிரி என் மரப்பெட்டி. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கட்டுமே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன்.

முதல் இரண்டு பாட்டும் பெடலில்தான் போயின, அவர் நிமிரவில்லை. மூன்றாவது பாட்டில் பொத்தானை அமுக்கினால் சத்தமே வரவில்லை. பஸ் கூரையில் வெயிலில் கிடந்து வந்த பெடல், பேட்டரி செத்துவிட்டது. திருச்சுழியில் அந்தப் பேட்டரிக்கு எங்கே போவது? பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆர்மோனியக்காரர் முறைக்கிறார். வயரைப் பிடுங்கி நேராக மரப்பெட்டியிலேயே செருகினேன். நாலு கம்பிகளும் பழையபடி அடியிலிருந்து பேசின. எத்தனையோ நாளைக்குப் பிறகு விரலுக்குக் கீழே கம்பி இருப்பது தெரிந்தது.

அப்பா தலையை நிமிர்த்தினார். முதலில் தன் நெஞ்சைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கையை நீட்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பெட்டியிலிருந்து வயர் போகிற வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு என் கிட்டார் வரைக்கும் வந்து, என் விரலில் நின்றார். அந்தப் பாட்டு முடிகிறவரை அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் கை பெட்டியின் மேலேயே இருந்தது. பக்கத்தில் யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவராகவே பேச்செடுத்தார்.

"இன்னைக்குக் கேட்டுச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இம்புட்டு நாளும் இதையவா வாசிச்சுக்கிட்டிருந்தே? நல்லா இருக்குடா. உள்ள எறங்குது." ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னது சொன்னதுதான். மதுரைக்குப் போ. ஆடிக்கு முன்னாடி போயிரு."

பஸ்ஸில் எனக்கு உட்காரமுடியவில்லை. அருப்புக்கோட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருவக்காடும் வெடித்துக் கிடந்த கரிசலும்கூட அன்றைக்கு அழகாக இருந்தன. கிழவர் சரியான ஆள்தான், கரகர என்று வாசித்தால் வேண்டுமென்றே கேட்கவில்லை என்கிறார், ஒழுங்காக வாசித்தால் ஒத்துக்கொள்கிறார், இந்த ஞானம் எங்கிருந்து வந்தது இவருக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மதியம் கூடத்தில் கரண்ட் போனது. அப்போதெல்லாம் அடிக்கடி போகும். அத்தனை தறியும் ஒன்றாக நின்றுவிடும், திடீரென்று காதுக்குள் காற்று புகுந்த மாதிரி இருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தறி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகு சிரித்துவிட்டு வாய் திறப்பார்கள். அன்றும் அப்படித்தான். நான் அப்பாவுக்குப் பின்னால் நூல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நைனா, சாப்பிட வாங்க."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா திரும்பவில்லை.

"நைனா." இந்த முறை கத்தினேன். கோடியில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். அப்பா குனிந்து நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தறிக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "பின்னாடி நின்னு கூப்பிட்டா அவுகளுக்கு எப்படிக் கேக்கும்? மூஞ்சியைக் காட்டிப் பேசு."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு பல வருசம். குழாய்ச் சத்தம், பொம்பளையாளுக சத்தம் எதுவும் கேக்காது. லாரி போனா, அந்த அடிச் சத்தம் மட்டும் தெரியும்பாக. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எல்லோரும் கத்துகிற, எல்லோரும் வாயைப் பார்க்கிற வீட்டில் எப்படித் தெரியும்? அம்மாவுக்கும் தெரியாது.

கரண்ட் வந்தது. தறிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் இரண்டாவது தறியில், அவர் முதுகுக்குப் பின்னால், சத்தம் மாறியது. குறுக்கு நூல் அறுந்தால் அடி வெறுமையாக விழும். இத்தனை இரைச்சலிலும் பழகின காதுக்கு அது தெரியும். என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். என் கண் போகிற இடத்தைப் பார்த்தார். திரும்பி, நேராக அந்தத் தறிக்குப் போய் நிறுத்தி, நூலைச் சேர்த்தார்.

அவர் என்னைக் காவல் காக்கவே இல்லை. அத்தனை வருடமும் என் முகத்தைப் பார்த்துத்தான் தறி ஓட்டியிருக்கிறார். நான் போய்விட்டால் பழுதுத் துணி விழும். ஒரு வாரம் பொறுப்பார் முதலாளி, மறுவாரம் அனுப்பிவிடுவார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் காதில் விழட்டும் என்று சொன்னார், விழாது என்ற தைரியத்தில். விழுந்துவிட்டது. விழுந்ததும் போ என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டிச் சொன்னேன்.

"மதுரையில வேற ஆளைப் போட்டுட்டாகளாம் நைனா."

என் உதட்டைப் பார்த்தார். அப்புறம் கண்ணைப் பார்த்தார். அவரிடம் பொய் சொல்வது கஷ்டம், அவர் சத்தத்தைக் கேட்கிற ஆள் இல்லையே.

"யாரு சொன்னா?"

"ஆள் வந்து சொல்லிட்டுப் போனாக."

"சரி" என்றார். அம்மா, "நல்லதாப் போச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் கூடத்தில் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு தறியில் கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார், அடுத்த தறிக்கு ஓடுவார், மறுபடி முதல் தறிக்கு வருவார். வேட்டி நனைந்துபோகிற அளவுக்கு வியர்வை. நானில்லாமல் ஓட்டமுடியும் என்று எனக்குக் காட்டுகிறார். இரண்டாவது தறியில் நூல் அறுந்தது. அவர் முதல் தறியில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அறுந்தபடியே ஓடியது, பழுது முழம் முழமாக விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவராகத் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. போய் நான்தான் தறியை நிறுத்தினேன்.

தறி நின்றது கண்ணில் பட்டதும் வந்தார். பழுதான துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு அன்றைக்கு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, அந்த இரைச்சலில், உதட்டை மட்டும் அசைத்தார்.

"போகவேண்டியதுதானடா."

நானும் உதட்டை மட்டும் அசைத்தேன். "போகலை."

அவர் நூலைச் சேர்த்துத் தறியைக் கிளப்பினார். நான் என் இடத்துக்குத் திரும்பிப்போய் அவர் முகம் பார்க்கத் தோதாக நின்றுகொண்டேன். அவர் வேலையை விடுகிற வரைக்கும் அங்கேதான் நின்றேன்.

பெடலை மதுரைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவன் வரமாட்டான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் கொஞ்ச காலம் பழையபடி யாருக்கும் கேட்காத பேஸ் வாசித்தேன். உள்ளூர்க் கச்சேரி என்றால் அப்பா வருவார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் திமிர் குறைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எனக்குச் சில நாள் அழுகை வரும், சில நாள் இவர் ஏன் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லவில்லை என்று ஆத்திரம் வரும். இரண்டும் இன்னும் போகவில்லை.

பெடல் போடலாமா கூடாதா என்று மண்டபத்தில் அடித்துக்கொண்டவர்களுடைய பேச்சு எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. வாயைப் பார்த்துத்தான். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. அத்தனை வருடம் அதே கூரைக்குக் கீழே நின்றால் வராமல் இருக்குமா? முதலில் புல்லாங்குழல் போனது, பிறகு வயலின், பிறகு பேத்திகளின் குரல். அன்றைக்கு மேடையில் பாடிய பெண்ணின் வாய் அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, அந்த இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு போய், மேடைக்குக் கீழே இருந்த பெரிய பேஸ் பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். வாசித்த பையன் பெடல் எதையும் மிதிக்கவில்லை. பாட்டில் எனக்கு அது மட்டும் கேட்டது.